பிரேக் பேடும் உங்கள் அக்காவின் வலது காலும்

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனருக்கு உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் நலம், உங்கள் அக்காவும் நலம். ஆனால் இருவரும் வேறு வேறு வண்டியில் நலம். அங்கே நீங்களும் என் தங்கச்சியும் பிள்ளைகளும் ஒரே வண்டியில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் சரியாயிற்றா, சின்னவளுக்கு விழுந்த பல் முளைத்ததா என்றெல்லாம் விசாரிப்பதுதான் முறை. விசாரித்ததாக வைத்துக்கொள்ளவும். நான் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன் இருக்கும்போது இவருக்கு எதற்குக் கடிதம் என்று நீங்கள் நினைக்கலாம். போனில் பேசினால் உங்கள் அக்கா காதில் விழும். நான் மொட்டை மாடியில் நின்று கிசுகிசுத்தாலும் சமையலறையிலிருந்து பதில் வரும். உங்களுக்கே தெரியும், பாம்புக்காது. அதனால்தான் அவள் குளிக்கப் போயிருக்கிற நேரமாகப் பார்த்துத் துண்டுதுண்டாக இதை மூன்று நாளாக எழுதிவருகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடவும். நான் எழுதினேன் என்பது எக்காரணம் கொண்டும் அவளுக்குத் தெரியவே கூடாது.

போன வருடம் அவளுக்கு வலது முட்டியில் ஆபரேஷன் ஆனதும் அதன் பிறகு வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், பிசியோதெரபிக்குப் போய் வருவதும் நீங்கள் அறிந்ததே. அழைத்துப்போய் அழைத்து வருவது நான். ஓய்வு பெற்ற பின் எனக்கு மிச்சமிருக்கும் ஒரே உத்தியோகம் அதுதான் மச்சான். செவ்வாய்க்கிழமை வந்தால் நான் ஐந்து மணிக்கே எழுந்து கார்க் கண்ணாடியைத் துடைத்து, அவள் பக்கத்து இருக்கையைக் கால் நீட்ட வசதியாகப் பின்னால் தள்ளி, முதுகுக்குச் சின்னத் தலையணை வைத்துத் தயாராக நிற்பேன். அந்த இருக்கை இப்போது ஏழு வாரமாகக் காலியாக இருக்கிறது. இந்தக் கடிதத்தில் வேறு என்ன எழுதியிருந்தாலும் விஷயம் அவ்வளவுதான்.

ஆரம்பம் ஒரு சத்தம். பிரேக் பிடித்தால் கிரீச். வயதான வண்டி, எனக்குக் காலையில் எழுந்திருக்கும்போது முதுகில் வருகிற சத்தம் அதற்குச் சக்கரத்தில் வருகிறது என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உங்கள் அக்கா அப்போதே சொன்னாள், "ஏங்க, வண்டி கத்துது. யார்கிட்டயாவது காட்டுங்க" என்று. நான்தான், "அவசரப்பட்டா தலையில கட்டிடுவாங்க. முறையா மூணு கொட்டேஷன் வாங்கிட்டுச் செய்யலாம்" என்றேன். முப்பத்து மூன்று வருடம் அலுவலகக் கொள்முதல் பிரிவில் குண்டூசி முதல் பீரோ வரை மூன்று கொட்டேஷன் இல்லாமல் நான் வாங்கியதில்லை. யார் விலை குறைவோ அவருக்கே ஆர்டர். தணிக்கையில் என் மேல் ஒரு கேள்வி வந்தது கிடையாது. "தணிக்கைல கேள்வி வரல, சரி. நீங்க வாங்கின நாற்காலில உட்காந்து எத்தனை பேரு விழுந்தாங்க?" என்று உங்கள் அக்கா கேட்பாள். அது வேறு கதை.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. கார் ஓடும்போது தன் பக்கத்திலும் ஒரு பிரேக் இருப்பதாக நினைத்துக்கொண்டு வலது காலால் தரையை அழுத்துவாள். முன்னால் சைக்கிள் வந்தால் ஓர் அழுத்து, லாரி வந்தால் பேரழுத்து. பதினோரு வருடமாக அழுத்தி அந்த இடத்தில் கால்மிதி ஓட்டையாகி இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன். என் ஓட்டுதலில் அவளுக்கு நம்பிக்கை இல்லை என்று எனக்கு உள்ளூர வருத்தம்தான், ஆனால் வெளியே காட்டிக்கொண்டதில்லை. போன மாதத்துக்கு முந்தின மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்புகிற சந்திப்பில் முன்னால் ஒரு சரக்கு வண்டி நின்றது. அதன் பின்பக்கம் ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்றை நிறுத்திக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி கத்தியது, ஆனால் நிற்க மனமில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. எதிரே கண்ணாடியில் எங்கள் கார் எங்களை நோக்கியே வந்தது. அதில் நானும் உங்கள் அக்காவும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு சாண் இடைவெளியில் இரண்டு காரும் நின்றன. கண்ணாடிக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் அவள் தரையை அழுத்திய அழுத்தில் முட்டி மூன்று நாள் வீங்கிக் கிடந்தது. பிசியோதெரபி அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆறு மாசமா நான் பாடுபட்டு மடக்க வெச்ச காலு சார். ஒரே நிமிஷத்துல பாழாக்கிட்டீங்களே!" என்றார். நான் அசடு வழிய நின்றேன்.

அன்று ஆஸ்பத்திரி வாசலில் உங்கள் அக்கா, "இனிமே நான் பஸ்ல போய்க்கறேன்" என்றாள். சண்டை போடவில்லை, குரலை உயர்த்தவில்லை. சண்டை போட்டிருந்தால் நான் எப்படியாவது சமாளித்திருப்பேன், அவள் அமைதியாகச் சொல்லிவிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சொன்னபடியே கைத்தடியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டாள். நான் என்ன செய்வேன் சொல்லுங்கள்? முட்டி வலிக்காரி, படியில் தடுக்கினால்? உட்கார இடம் கிடைக்காவிட்டால்? நான் காரை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனேன். பிரேக் சரியில்லாததால் இடைவெளி விட்டு மெதுவாகத்தான் ஓட்டினேன். வழியில் பதினான்கு ஸ்டாப். ஒவ்வொன்றிலும் பஸ் நிற்கும், நானும் நிற்பேன், கிரீச். பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள், உங்கள் அக்காவைத் தவிர. அவள் யாரோ எவரோ என்பது போல நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இப்படியே மூன்று வாரம். மூன்றாவது வாரம் ஏழாவது ஸ்டாப்பில் பஸ் டிரைவர் இறங்கி என் ஜன்னலுக்கு வந்துவிட்டார்.

"சார், எதுக்கு எப்பப் பார்த்தாலும் என் பின்னாடியே வர்றீங்க? யாராவது என் மேல புகார் கொடுத்திருக்காங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. பஸ்ஸுல என் சம்சாரம் இருக்காங்க."

"அப்ப ஏறி அவங்க பக்கத்துல உக்கார வேண்டியதுதானே?"

"கார் இருக்கும்போது நான் எதுக்குங்க பஸ்ல ஏறணும்?"

அவர் என்னையும் பார்த்தார், என் காரையும் பார்த்தார், திரும்பிப் போய் பஸ்ஸைக் கிளப்பினார். பதினான்கு ஸ்டாப்பிலும் இப்படி நின்று நின்று போனதில் பிரேக் இன்னும் தேய்ந்ததுதான் மிச்சம்.

இதற்கிடையில் கொள்முதல் வேலையை நான் விடவில்லை. சக்கரத்தைக் கவ்வி நிறுத்தும் பேடு தேய்ந்திருக்கிறது, அதை மாற்ற வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. ஓய்வூதியக்காரன், கையைக் கடிக்காத விலையில் வேண்டும். காரை விற்ற கம்பெனியின் சர்வீஸ் நிலையம், பஜாரில் இருக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடை, நம் தெருமுனை மெக்கானிக் ஆகிய மூன்று இடத்திலும், "பிரேக் பழுதுக்கு வேண்டியதற்கு விலை தெரிவிக்கவும், மூடிய உறையில் தரவும்" என்று கைப்பட எழுதிக் கொடுத்தேன். சர்வீஸ் நிலையத்துப் பெண் புன்னகை மாறாமல் நான்கு பக்கம் அச்சடித்துக் கொடுத்தார், அதில் வைப்பர் கூட இருந்தது. கடைக்காரர் உறை இல்லையென்று ஒரு பல்பு டப்பாவின் உள்ளே எழுதிப் போட்டு மூடித் தந்தார். மெக்கானிக் மட்டும், "கவர்ல போட்டு ஒட்டணுமா? பிரேக்குக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

உறை பிரிக்கும்போது குழு உறுப்பினர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பது அலுவலக விதி. திங்கட்கிழமை பத்து மணிக்குச் சாப்பாட்டு மேஜைக்கு வரும்படி உங்கள் அக்காவைக் கேட்டுக்கொண்டேன். "நான் எந்தக் குழுவுலயும் இல்ல. துணி காயப் போடணும்" என்று போய்விட்டாள். தலைவர் இடத்திலும் நானே, உறுப்பினர் இடத்திலும் நானே கையெழுத்துப் போட்டேன். கடைக்காரர் விலை மற்ற இரண்டிலும் பாதிக்குக் கீழே! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் வாங்கி, மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ப் பெருமையாக நீட்டினேன். அவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே பிறை நிலா மாதிரி வளைந்து நாலு துண்டு இருந்தது. கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது பின் சக்கரத்துக்கு."

"பிரேக்தானே?"

"பிரேக்தான். ஆனா உங்களுக்குத் தேஞ்சது முன் சக்கரம். அதுக்குப் பேடு தட்டையா இருக்கும். இது டிரம்முக்குள்ள போற ஷூ. நீங்க எதுக்கு வேணும்னு எழுதிக் கேட்டீங்க?"

குட்டு வெளிப்பட்டது. மூடிய உறை, குறிப்பிட்ட தேதி, குழு, கையெழுத்து எல்லாம் கேட்ட நான், என்ன பொருள் வேண்டும் என்பதை மட்டும் எழுதவில்லை. ஆளுக்கு ஒன்றைப் புரிந்துகொண்டு மூவரும் மூன்று வெவ்வேறு பொருளுக்கு விலை கொடுத்திருக்கிறார்கள். முப்பத்து மூன்று வருட அனுபவம்! தயவுசெய்து இதை என் பழைய அலுவலக நண்பர்கள் எவரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

கடைக்காரர் நல்ல மனிதர், முகம் சுளிக்காமல் மாற்றிக்கொண்டார். முன் சக்கரப் பேடு என்று தெளிவாகக் கேட்டதும் மேஜை மேல் மூன்று பெட்டி வைத்தார். ஒன்று கார் கம்பெனி பெயர் போட்டது, விலையைக் கேட்டதும் நான் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டேன். நடுவில் இருந்தது பேடு மட்டுமே செய்கிற ஒரு கம்பெனியுடையது, நடுத்தர விலை. மூன்றாவதில் பெயரும் இல்லை, ஊரும் இல்லை, எந்தக் காருக்கு என்பது கூட பேனாவால் எழுதியிருந்தது. ஆனால் விலை! நான் எதை எடுத்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஒரு பேடை எடுத்து ஓரத்தை நகத்தால் சுரண்டினார். பொடி உதிர்ந்தது.

"நல்லா இல்லையா?" என்றேன்.

"மாட்டச் சொன்னா மாட்டிடறேன் சார். ஆனா மாட்டினப்புறம் உங்க காருக்கு முன்னாடி நான் நிக்க மாட்டேன்."

"விலை குறைச்சலாச்சே."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு காருக்குள் எட்டிப் பார்த்தார். முன்னிருக்கைத் தலையணையைக் காட்டி, "அங்க யாரு உட்காருவாங்க?" என்று கேட்டார்.

"என் சம்சாரம்" என்றேன். உட்காருவார்கள் என்று சொல்வதா உட்கார்ந்தார்கள் என்று சொல்வதா என்று தெரியாமல் அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

"அப்ப நடுப்பெட்டியை வாங்கிட்டு வாங்க. கம்பெனிப் பெட்டிக்குக் கொட்டிக் கொடுக்க வேணாம். இதுவும் வேணாம்."

மச்சான், முப்பத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் குறைந்த விலையை விட்டுவிட்டு வேறொன்றை வாங்கினேன். திரும்பி வரும்போது யாரோ பின்னாலிருந்து விளக்கம் கேட்கப்போகிறார்கள் என்று பிடரி குறுகுறுத்துக்கொண்டே இருந்தது. ஒருவரும் கேட்கவில்லை. சக்கரத்தைக் கழற்றிப் பழைய பேடை எடுத்தபோது அது வெறும் இரும்பாக, மேலே ஒரு நகக்கனத்துக்குப் பூச்சு ஒட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக், "இது ஆபீஸ் போற வண்டியா, டாக்ஸியா? ஒரு பஸ் தேயற மாதிரி தேஞ்சிருக்கு" என்றார். நான் வானத்தைப் பார்த்தேன். புதுசை மாட்டி, நகருமுன் பிரேக்கை ஏழெட்டு தடவை மிதிக்கச் சொல்லி, "முதல் கொஞ்ச நாளு சடன் பிரேக் போடாதீங்க. மெதுவா ஓட்டி, மெதுவா நிறுத்திப் பழக்குங்க" என்று அறிவுரையும் சொன்னார். அதில் எனக்கு ஏற்கெனவே நல்ல பயிற்சி.

பழைய பேடு நாலையும் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்து, சாட்சியாகச் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்தேன். உங்கள் அக்கா வந்தாள். "பாரு, எவ்வளவு தேஞ்சிருக்கு! இனிமே பயமே இல்ல. புதுசு. சத்தமும் கிடையாது" என்றேன். அவள், "மேஜையில கரி ஒட்டுது, எடுங்க" என்றாள். இதற்குத்தானா நான் இத்தனை பாடுபட்டேன்?

வெள்ளிக்கிழமை காரைத் துடைத்து, தலையணை வைத்து, கதவைத் திறந்துவைத்து நின்றேன். திறந்த கதவைச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டாள். வழக்கம்போல நானும் பின்னால் போனேன். மச்சான், பிரேக் வெண்ணெய்! சத்தம் மூச்சு விடவில்லை. பஸ்ஸில் ஒரு தலை திரும்பவில்லை. ஆனால் இந்தத் தடவை உங்கள் அக்கா மட்டும் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். புதுப் பேடு போட்டும் விடாமல் தொடர்கிறேனே என்று முறைக்கிறாள் போலிருக்கிறது. பதினான்கு முறைப்பு. எண்ணிக்கொண்டுதான் போனேன்.

ஆகவே மச்சான், நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். நீங்கள் தற்செயலாகப் பேசுகிற மாதிரி உங்கள் அக்காவைக் கூப்பிட்டு, பேச்சுவாக்கில், நடுப்பெட்டிப் பேடு ரொம்ப நல்லது என்றும், நீங்களும் அதுதான் போட்டிருக்கிறீர்கள் என்றும், அத்தான் ஓட்டுகிற மாதிரி நிதானமாக யாரும் ஓட்ட முடியாது என்றும் சொல்லவும். கடைசிப் பகுதி பொய்யாகத் தோன்றினால் முதல் இரண்டை மட்டும் சொன்னால் போதும். நான் எட்டு மாதம் சொன்னாலும் கேட்காதவள், தம்பி ஒரு வார்த்தை சொன்னால் தட்டமாட்டாள். பக்கத்து இருக்கை காலியாக இருக்கும் காரை ஓட்டிக்கொண்டு போவது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

தங்கச்சிக்கு என் அன்பு. பெரியவனை நன்றாகப் படிக்கச் சொல்லவும், சின்னவளுக்குப் புதுப் பல்லுக்கு என் ஆசி. நீங்கள் எல்லோரும் எந்த வண்டியில் போனாலும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே திரும்ப வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் அத்தான்

பி.கு.: மேலே உள்ள எதையும் செய்ய வேண்டாம். அலுவலகப் பழக்கம், எழுதி முடித்த கடிதத்தை வாசல் அலமாரியில் இருக்கும் தபால் தட்டில் வைத்துவிட்டேன். அந்தத் தட்டில் இருப்பதை உறையில் போட்டு விலாசம் எழுதி அனுப்புவது இந்த வீட்டில் உங்கள் அக்காதான் என்பது வைத்த பிறகே நினைவுக்கு வந்தது. போய்ப் பார்த்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தில் இருக்கிறாள். முட்டி வீங்கியிருந்தது மூன்று நாள் அல்ல, ஐந்து நாள் என்று ஓரத்தில் திருத்திச் சுருக்கொப்பமும் போட்டிருக்கிறாள், பார்த்துக்கொள்ளவும்.

"முறைச்சேன்னு யாரு சொன்னா?" என்றாள். "கிரீச்சுனு கேட்டா பின்னாடி வந்துட்டு இருக்கீங்கன்னு தெரியும். வெள்ளிக்கிழமை ஒரு சத்தத்தையும் காணோம். எங்க நின்னுட்டீங்களோ, என்ன ஆச்சோன்னு திரும்பிப் பார்த்தேன்."

"அப்ப கார்லயே வந்துடேன். பிரேக் இப்ப நல்லா இருக்கு" என்றேன்.

"பிரேக் நல்லா இருந்தா என்ன, என் காலு சும்மா இருக்குமா? பஸ்ஸுல அந்த ஆளு எப்படி ஓட்டினாலும் என் காலு அழுத்தறதே இல்ல. உங்ககூட வந்தா மட்டும்தான் அழுத்துது. அன்னைக்கு அந்தக் கண்ணாடில நான் என்னையா பார்த்தேன்? உங்களுக்கு ஏதாவது ஆயிடப்போகுதுன்னுதான் அழுத்தினேன். அதுக்கு எந்தப் பெட்டில பேடு வாங்குவீங்க?"

பதினோரு வருடம் மச்சான். நம்பிக்கை இல்லை என்று நினைத்து பதினோரு வருடம் மனதுக்குள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறு பி.கு.: கடிதம் ஒரு நாள் தாமதமாகிறது, மன்னிக்கவும். இன்று செவ்வாய்க்கிழமை. இத்தனை பாடுபட்டுப் பேடு மாற்றிய காரை உறை போட்டு மூடிவிட்டு, நானும் பஸ்ஸில் போனேன். அவள் ஜன்னலோரம், நான் பக்கத்தில். டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்து, "கார் எங்க சார்?" என்றார். "வீட்டுல இருக்குங்க" என்றேன். ஏழாவது ஸ்டாப்புக்கு முன்னால் யாரோ குறுக்கே ஓட, பஸ் சட்டென்று நின்றது. உங்கள் அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். என் வலது கால் பஸ்ஸின் தரையை ஓட்டை போடுகிற மாதிரி அழுத்திக்கொண்டிருந்தது. எடுக்க மறந்துவிட்டேன். அவள் குனிந்து என் காலைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"இது எந்தக் கடைல வாங்கினது?" என்றாள்.